கோச் சொல்லாத பெயர்

செண்பகராஜ்,

உன் நிச்சயதார்த்தத்துக்கு நான் வரமாட்டேன் என்று சொன்னதும் போனை வைத்துவிட்டாய். மறுபடி கூப்பிட்டேன், எடுக்கவில்லை. அப்பா போனிலிருந்து கூப்பிட்டபோது அவர்தான் என்று நினைத்து எடுத்தாய், என் குரலைக் கேட்டதும் "மீட்டிங்ல இருக்கேம்மா" என்றாய். அதனால் எழுதுகிறேன். நேரில் என்றால் நான் பாதி சொல்வதற்குள் "ஓவரா பேசாதீங்கம்மா" என்று குறுக்கே விழுவாய். இதில் குறுக்கே விழ முடியாது, கடைசிவரை படி. எனக்குக் கோபம். சாயங்காலம் வந்து விடிந்ததும் போய்விடுகிற கோபமில்லை. எழுதி முடிக்கும்போது அம்மாவுக்கு மனசு இளகியிருக்கும் என்று கடைசிப் பக்கத்தைப் புரட்டிப் பார்க்காதே. அங்கேயும் இதே கோபம்தான் இருக்கும்.

போன வாரம் கடையில் பருத்திக்கொட்டை மூட்டை இறங்கிக்கொண்டிருந்தது. எட்டயபுரம் ரோட்டிலிருந்து மாட்டுக்குத் தவிடு வாங்க வருவாரே, அந்த மீசைக்காரர், செல்லை நீட்டிக்கொண்டே படியேறினார். "அண்ணாச்சி, ஒங்க பையன் செல்லுல பேசுதாம்லா, பாத்தீயளா? ஊரே பாத்துக்கிட்டு இருக்கு." நானும் அப்பாவும் பார்த்தோம். கொச்சியில் உன் அறை. காதில் பெரிய ஹெட்போன், பின்னால் சுவரில் நீ கப்பைத் தூக்கிப் பிடித்திருக்கிற போட்டோ. அந்தக் கால்பந்துக் கோச் கேமை ஆடிக் காட்டிக்கொண்டே கதை சொல்கிறாய். கரிசல் காட்டுப் பெண்பிள்ளைகள், பூட்ஸைக் கண்ணால் கண்டறியாத பிள்ளைகள், அவர்களை இந்தக் கேமில் கற்றதை வைத்தே மாவட்டக் கோப்பை ஜெயிக்க வைத்தேன் என்கிறாய். அதன் பிறகு சொன்னாய்: "மிட்ஃபீல்டுல ஒரு பொண்ணு இருந்தா. செம ப்ளேயர். ஃபைனல்ல இன்ஜுரி ஆயிட்டா. அதுதான் ஃபுட்பால்." சொல்லிவிட்டுத் தோளைக் குலுக்கிச் சிரித்தாய். அடுத்த நொடி வேறு பேச்சுக்குப் போய்விட்டாய். உன் அப்பா, "நல்லாப் பேசுதாம்லா" என்றார். நான் கல்லாவை விட்டு எழுந்து உள்ளே போய்விட்டேன். அங்கேயே நின்றிருந்தால் அந்த மனிதருடைய செல்லைத் தெருவில் எறிந்திருப்பேன்.

நீ உடனே, "எங்கம்மாவுக்கு கேமே பிடிக்காது" என்று உன் கூட்டாளிகளிடம் சொல்வாய். பொய். சென்னையில் வேலை போய் நீ வீட்டுக்கு வந்து மாடியறையில் அந்தக் கேமே கதியென்று கிடந்தபோது, தெருவில் எல்லாரும் என்னிடம் துக்கம் விசாரிப்பதுபோல் விசாரித்தார்கள். நான் ஒருத்திதான் டீயை எடுத்துக்கொண்டு வந்து உன் பக்கத்தில் உட்கார்ந்தேன். "என்னலே விளையாடுத?" என்று கேட்டதற்கு, "நான் விளையாடலம்மா, விளையாட வைக்கேன்" என்றாய். அந்தப் பதில் எனக்குப் பிடித்திருந்தது. ஒவ்வொரு ஆட்டக்காரனுக்கும் வேகத்துக்கு ஒரு எண், தைரியத்துக்கு ஒரு எண், சொன்னதைக் கேட்பதற்கு ஒரு எண் என்று விளக்கினாய். பனி பெய்கிற ஏதோ தேசத்திலிருந்து நீ வாங்கிய கோல்கீப்பர் பையன் சரியாக ஆடாததற்கு, "அவனுக்கு ஊர் ஞாபகம் வந்துட்டும்மா, அதான்" என்றாய். "பாவம்லே, ஒரு வாரம் லீவு குடுத்து ஊருக்கு அனுப்பு" என்றேன். அனுப்பினாய். அவன் திரும்பி வந்து நன்றாக ஆடியபோது, "எம்மா, நீங்க சொன்னது சரிதான்" என்று என்னைக் கையைப் பிடித்து இழுத்து வந்து காட்டினாய். இல்லாத ஒரு பையனுடைய மனசைப் பார்க்கத் தெரிந்த பிள்ளை, இருக்கிற பிள்ளைகளையும் நன்றாகத்தான் பார்ப்பான் என்று நினைத்தேன். அதனால்தான் நம் ஊர்ப் பெண்கள் பள்ளிக்கூடத்து விளையாட்டு டீச்சர் பிரசவ லீவில் போகும்போது, "எங்க பையன் இருக்கான்" என்று தலைமையாசிரியையிடம் நானே வாய்விட்டுக் கேட்டேன்.

நீ நன்றாகச் செய்தாய். இல்லையென்று சொல்லமாட்டேன். ஹாக்கி மட்டையோடு திரிகிற ஊர் இது. கால்பந்து ஆடுகிற பெண்பிள்ளைகளை ஒருவரும் திரும்பிக்கூடப் பார்த்ததில்லை. முதல் வாரம் நீ ஒன்றுமே சொல்லாமல் ஓரத்தில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தாய். அப்புறம் பின்னால் தடுத்து ஆடிக்கொண்டிருந்த மாரிச்செல்வியை நடுவில் கொண்டுவந்து நிறுத்தினாய். "இவளுக்கு தலை எல்லாப் பக்கமும் சுத்துதும்மா. பந்து வரதுக்கு முன்னாலேயே யார் எங்க நிக்கான்னு பாத்துருதா" என்று ராத்திரிச் சாப்பாட்டின்போது சொன்னாய். உன் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை வேலை போனதிலிருந்து நான் பார்த்திருக்கவில்லை. பிள்ளைகள் ஜெயிக்க ஆரம்பித்தார்கள். நான் எலுமிச்சம்பழம் பிழிந்து குடம் குடமாகக் கொண்டுவந்தேன்.

பிறகு மாரிச்செல்வி வராமல் நின்றாள். ஏன் நின்றாள் என்று நீ போய் விசாரித்தாயா? "நீங்க போய்ப் பேசுங்கம்மா, பொம்பளைங்க பேசுனா கேப்பாங்க" என்றாய். பசுவந்தனை பஸ் ஏறி, இறங்கி, காட்டுப் பாதையில் விசாரித்து விசாரித்துப் போனேன். அவள் அம்மா காளியம்மாள் உளுந்தங்காட்டில் களை எடுத்துக்கொண்டிருந்தாள். வரப்பில் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தாள். "விளையாட்டு வேண்டாம்னு இல்லக்கா. சாயங்காலம் பஸ்சுக்கு ஒத்தையில நிக்கா. எதாவது ஒண்ணுன்னா யாரு கேப்பா? அவ அப்பாவும் இல்ல" என்றாள். நான், "எம் பையன் பஸ் ஏத்தி விட்டுட்டுத்தான் வருவான். அவளுக்கு ஒண்ணுன்னா நான் கேப்பேன், காளியம்மா" என்றேன். "ஒங்க வார்த்தைக்கு அனுப்புதேன்க்கா." உன் வார்த்தைக்கு அல்ல, கேமுக்கு அல்ல, கோப்பைக்கு அல்ல. என் வார்த்தைக்கு அனுப்பினாள். இதை நீ நன்றாக மனசில் வாங்கிக்கொள். நீ உடைத்தது அந்தப் பிள்ளையின் முழங்காலை மட்டுமில்லை.

ஃபைனலுக்கு முன்னால் பயிற்சி வேண்டாம், தரை சரியில்லை என்று பள்ளிக்கூடத்து வாட்ச்மேன் உன்னிடம் சொன்னார். கோடையில் கரிசல் எப்படி வெடிக்கும் என்று உனக்குத் தெரியாதா? கை நுழைகிற அளவுக்கு வாய் பிளந்து கிடந்தது. மைதானத்தின் கீழ்ப்பக்கத்தில் ஓடச் சொன்னாய். மாரிச்செல்வியின் கால் வெடிப்பில் இறங்கிவிட்டது. நொண்டிக்கொண்டே பஸ் ஏறிப் போனாள். ஃபைனலுக்குத் தூத்துக்குடிக்கு வேனில் போகும்போது அவள் எனக்கு முன் சீட்டில் இருந்தாள், நீ அவள் பக்கத்துச் சீட்டில் இருந்தாய். அவள் சொன்னதை நான் கேட்டேன். "சார், முட்டு நழுவுத மாதிரி இருக்கு சார். ஊனுனா நிக்க மாட்டேங்கு." நீ செல்லிலிருந்து தலையைத் தூக்காமல், "எத்தனை பெர்சென்ட் ஓகே?" என்று கேட்டாய். அவளுக்கு என்ன சொல்வதென்று புரியவில்லை. "முக்கால்வாசி இருக்கும் சார்" என்றாள். வாத்தியாரிடம் குறைத்துச் சொல்லப் பயந்து சொன்ன முக்கால். "முக்கால் போதும். ஃபர்ஸ்ட் ஹாஃப் ஆடு, பாப்போம்" என்றாய். நான் பின்னாலிருந்து, "ஏலே, பிள்ளை நிக்க முடியலங்கா, வேற பிள்ளைய விடு" என்றேன். "எம்மா, நீங்க எலுமிச்சம்பழத்தப் பாருங்க. அவ இல்லன்னா நடுவுல எதிராளிக்கு வழி திறந்துரும்" என்றாய். வேன் முழுக்கச் சிரித்தது. மாரிச்செல்வியும் சிரித்தாள்.

முதல் பாதி முடிந்து அவள் உன்னிடம் வந்தாள். நீ அட்டையில் கோடு போட்டுக் காட்டிக்கொண்டிருந்தாய். மறுபடி உள்ளே அனுப்பினாய். இரண்டாம் பாதியில் அவள் தன் காலைத் தொட்டுக் காட்டி உன்னைப் பார்த்துக் கையை ஆட்டினாள். கூட்டத்தில் நின்ற எனக்குத் தெரிந்தது, கோட்டோரம் நின்ற உனக்குத் தெரியாமலா போகும்? நீ முன்னால் ஏறு, முன்னால் ஏறு என்று கையைக் காட்டினாய். ஏறினாள். யாரும் மோதவில்லை, யாரும் தள்ளவில்லை. திரும்பினாள், விழுந்தாள். அவள் போட்ட சத்தம் இன்றைக்கும் என் காதில் இருக்கிறது. செருப்பு எங்கே கழன்றதென்று தெரியாமல் உள்ளே ஓடினேன். நீ என்ன செய்தாய்? "பேச்சி, வார்ம் அப் பண்ணு!" என்று வெளியே உட்கார்ந்திருந்த பிள்ளையைப் பார்த்துக் கத்தினாய். கேப்டனைக் கோட்டருகே கூப்பிட்டு, யார் எங்கே நிற்கவேண்டும் என்று விரலை மடக்கி மடக்கிச் சொல்லிக்கொடுத்தாய். நானும் இரண்டு பிள்ளைகளும் அவளைத் தூக்கிக்கொண்டு உன்னைத் தாண்டித்தான் போனோம். "சார்" என்று கூப்பிட்டாள். நீ திரும்பவில்லை. உள்ளங்கையை மட்டும் அவள் பக்கம் காட்டி, "ஒரு நிமிஷம், ஒரு நிமிஷம்" என்றாய். உன் கண் மைதானத்தில் இருந்தது.

அந்த ஒரு நிமிஷம் இன்னும் முடியவில்லை, செண்பகராஜ்.

ஆட்டோவில் ஏற்றும்போது உள்ளேயிருந்து பெரிய ஆரவாரம் கேட்டது. மாரிச்செல்வி என் கையை நெரித்துப் பிடித்துக்கொண்டு, "கோலா பெரியம்மா? நாமளா?" என்று கேட்டாள். நாம்தான். பேச்சி அடித்த கோல். நீ கப்பைத் தூக்கியபோது நாங்கள் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே அறைக்கு வெளியே பெஞ்சில் இருந்தோம். காளியம்மாள் காட்டிலிருந்து அப்படியே பஸ் ஏறி வந்தாள், கணுக்கால் வரை கரிசல் மண்ணோடு. டாக்டர் ஜவ்வு கிழிந்திருக்கிறது என்றார். விளக்கேற்றுகிற நேரத்துக்கு நீ வந்தாய், கையில் அவளுக்கு ஒரு மெடலோடு. காளியம்மாள் எழுந்து நின்று உன்னிடம், "தம்பி, எம் மக எந்திருச்சு நடப்பாளா?" என்று கேட்டாள். நீ டாக்டரிடம் ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை. "ஜவ்வுதானக்கா, ஆறு மாசத்துல ஓடுவா" என்றாய். எந்த ஆஸ்பத்திரியில் படித்தாய்? உன் கேமில் அடிபட்டவன் பேருக்குப் பக்கத்தில் எத்தனை மாதம் என்று எழுதி வரும், அவன் அத்தனை மாதத்தில் எழுந்து ஓடுவான். அதைத்தான் சொன்னாய். காளியம்மாள் நம்பினாள். "தம்பி சொன்னா சரிதான்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஆறு மாதம் கழித்துக் கடைக்கு வந்து என்னிடம் கேட்டாள்: "தம்பி சொன்ன கெடு முடிஞ்சிட்டேக்கா. இன்னும் ஏன் நொண்டுதா?" என்ன பதில் சொல்வதென்று நீ சொல், நான் அவளிடம் போய்ச் சொல்கிறேன்.

அதற்குள் நீ கொச்சி போய்விட்டாய். கால்பந்து ஆட்டங்களைக் கணக்கெடுத்துச் சொல்கிற வேலை, அந்தக் கப் வாங்கிக் கொடுத்த வேலை. போவதற்கு முன் ஒரு நடை பசுவந்தனை போய்விட்டு வா என்றேன், நேரமில்லை என்றாய். தீபாவளிக்கு வந்தாய். அந்தப் பிள்ளை பலகாரம் கொண்டு அம்மாவோடு நம் வீட்டுக்கு வந்தாள். கீழே அவள் குரல் கேட்டது உனக்கு. மாடியிலிருந்து இறங்கவில்லை நீ. "சார் தூங்குதாவளா பெரியம்மா? எழுப்ப வேண்டாம்" என்று சொல்லிவிட்டுப் போனாள். வெட்கப்படுகிறான், முகத்தில் விழிக்கக் கூசுகிறான் என்று நான் என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன். வெட்கப்படுகிறவனை ஒரு நாள் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய்விடலாம். ஆனால் வெட்கப்பட்டவன் தோளைக் குலுக்கிச் சிரிக்கமாட்டான்.

வீடியோவை அவளும் பார்த்துவிட்டாள். பார்க்காமல் இருப்பாளா, அந்தப் பிள்ளைகள் எல்லாரும் ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொண்டார்கள். ஞாயிற்றுக்கிழமை நான் அவர்கள் வீட்டுக்குப் போனபோது மக்காச்சோளம் உதிர்த்துக்கொண்டிருந்தாள். காலை நீட்டித்தான் உட்கார முடிகிறது அவளால். நான் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். அவளே பேச்சை எடுத்தாள். "சார் நல்லாப் பேசியிருக்காவ பெரியம்மா." அடுத்த கதிரை எடுத்துக்கொண்டு, "எல்லாம் சொன்னாவ. எம் பேரத்தான் சொல்லல" என்றாள். அழவில்லை. கதிரைத் திருகி முத்தை உதிர்த்துக்கொண்டே சொன்னாள். காலைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை, செண்பகராஜ். ஆடுகிற காலத்தில் நீ அவளை நடுமைதானத்தில் பேர் சொல்லிக் கூப்பிடும்போது அவளுக்கு எவ்வளவு பெருமையாக இருந்திருக்கிறதென்று அந்த நிமிஷம்தான் எனக்குத் தெரிந்தது. ஒரு பொண்ணு இருந்தாளாம். இருந்தாளா? இருக்கிறாளடா!

நான் கிளம்பும்போது காளியம்மாளிடம், "அவனை நல்லா நாலு வார்த்தை கேக்கப் போறேன்" என்றேன். அவள் என்ன சொன்னாள் தெரியுமா? "வையாதீங்கக்கா. பிள்ளை அசலூர்ல தனியா கெடக்கு. கல்யாணம் வேற கூடி வந்திருக்கு. மனசு சங்கடப்படும்லா." இதைக் கேட்டு எனக்குக் கோபம் தணிந்திருக்க வேண்டும் என்று உன் அப்பா சொல்கிறார். தணியவில்லை. இரண்டு மடங்காகிவிட்டது. நீ நினைத்தே பார்க்காத ஒருத்தி உன் மனசு சங்கடப்படக்கூடாது என்று பார்க்கிறாள். அவளுக்காக நான் வையாமல் இருக்கவேண்டுமாம். எனக்கு அவ்வளவு பெரிய மனசு இல்லை. நான் உன்னைப் பெற்றவள். வைகிற உரிமையை யாருக்கும் விட்டுத்தரமாட்டேன்.

அடிபட்டபோது அவளுக்குச் செய்த முதல் ஆபரேஷன் சரியாகக் கூடவில்லை. திருநெல்வேலியில் இரண்டாவது ஆபரேஷனுக்கு நாள் கொடுத்திருக்கிறார்கள், உன் நிச்சயதார்த்தத்துக்குக் குறித்த அதே வெள்ளிக்கிழமை. காளியம்மாளுக்கு அவ்வளவு பெரிய ஆஸ்பத்திரியில் எந்த மாடியில் யாரைக் கேட்பதென்று தெரியாது. அவள் என்னைக் கூப்பிடவில்லை. "நீங்க பையன் விசேஷத்தப் பாருங்க" என்றுதான் சொன்னாள். நான்தான் வருகிறேன் என்றேன். உன் அப்பா இரண்டு நாளாக என்னோடு மல்லுக்கு நிற்கிறார். "பெத்த தாயி இல்லாம நிச்சயமா? ஊரு என்ன பேசும்? பொண்ணு வீட்டுக்காரவிய என்ன நினைப்பாவ?" என்கிறார். "அவன் வேணும்னா செஞ்சான்?" என்கிறார். வேண்டுமென்று செய்யவில்லை, எனக்கும் தெரியும். வேண்டுமென்று செய்திருந்தால் உனக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருக்க மாட்டேன். அவளை நீ பார்க்கவே இல்லை. அதுதான் என் வயிற்றில் எரிகிறது. நாளைக்கு ஒரு பெண்ணைக் கைப்பிடித்துக் கூட்டி வரப்போகிறாய். அவள் ஒரு நாள் தலைவலி என்று சொன்னால், எத்தனை பெர்சென்ட் என்று அவளிடமும் கேட்பாயா? காய்ச்சலில் படுத்துக் கிடந்து உன்னைக் கூப்பிட்டால், உள்ளங்கையைக் காட்டி ஒரு நிமிஷம் என்பாயா? அந்தப் பெண்ணை நான் ஒரே ஒரு தடவைதான் பார்த்திருக்கிறேன். நல்ல பிள்ளையாகத் தெரிகிறாள். இன்னொரு வீட்டு வரப்பில் உட்கார்ந்து, "எம் பையன் பாத்துக்கிடுவான்" என்று சொல்ல எனக்கு இப்போது வாய் வராது. அந்த வாயை நீதான் அடைத்தாய்.

தாம்பூலத் தட்டு, புடவை, பூ எல்லாம் எடுத்துக் கட்டி வைத்திருக்கிறேன். உன் அப்பாவும் பெரியப்பா வீட்டாரும் கொண்டுவருவார்கள். குறை இருக்காது. என் இடம் மட்டும் காலியாக இருக்கும், பெண் வீட்டார் கண்டிப்பாகக் கேட்பார்கள். உன் அப்பா எனக்கு உடம்புக்கு முடியவில்லை என்று சொல்லப் பார்ப்பார். சொல்ல விடாதே. எனக்கு ஒரு நோவும் இல்லை. நீ எழுந்து நின்று, அத்தனை பேர் முன்னாலும், அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்துச் சொல்: "எங்க டீம்ல ஆடுன மாரிச்செல்விக்கு இன்னைக்கு ஆபரேஷன். அவ கால் போனது என்னாலதான். அம்மா அவகூட இருக்காங்க." சொல்லி முடித்ததும் அவர்கள் தட்டு மாற்றினால் மாற்றட்டும், மாற்றாவிட்டால் போகட்டும். அதன் பிறகு நீ திருநெல்வேலி பஸ் ஏறினால், மயக்கம் தெளிந்து அவள் கண் முழிக்கிற நேரத்துக்கு வந்து சேர்ந்துவிடலாம். நான் கட்டில் பக்கத்தில்தான் இருப்பேன். என்னிடம் பேச வராதே. நேரே அவளிடம் போ.

அம்மா